நூறு ரூபாய் வெட்டு

2021 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வேளாண்மைக்கென்று முதல்முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை வாசித்தார்கள். கொரோனாக் காலம் என்பதால் அவை கோட்டையில் கூடவில்லை. கலைவாணர் அரங்கத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் பச்சைத் துண்டோடு எழுந்தார். டெல்லி எல்லையில் அப்போது போராடிக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு அந்த அறிக்கையைக் காணிக்கையாக்கினார். மொத்தம் 34,220 கோடியே 65 லட்சம் ரூபாய் என்றார்.

வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வந்தது. இந்தத் தொகை எந்த மானியக் கோரிக்கையின் கீழ் வருகிறது? எந்தத் தலைப்பில்? பட்ஜெட் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு மூளை வேறு வழியில் ஓடாது.

வேளாண்மையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஓய்வூதியம் மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்வானேன். அப்போது வேளாண்மைக்குத் தனி உரையும் கிடையாது, தனி நாளும் கிடையாது. நிதியமைச்சர் வாசிக்கும் நீண்ட உரையில் எங்களுக்கு நாலைந்து பத்திகள் வரும். அந்தப் பத்திகளில் ஒன்றாவது நாங்கள் எழுதி அனுப்பிய குறிப்பிலிருந்து வந்திருக்கிறதா என்று மறுநாள் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு தேடுவோம். ஒரு வாக்கியம் அப்படியே வந்திருந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் சூப்பிரண்டு செலவில் காபி.

பட்ஜெட் என்றால் ஊருக்கு பிப்ரவரி, மார்ச். எங்களுக்கு ஆடி கழியும்போதே ஆரம்பித்துவிடும். முதலில் எண் விவர அறிக்கை. துறையில் எத்தனை பணியிடம், எதில் ஆள் இருக்கிறார், எது காலி, யாருக்கு எந்த மாதம் ஊதிய உயர்வு என்று ஒவ்வொரு மாவட்டமும் எழுதி அனுப்ப வேண்டும். எங்கோ ஓர் அரசு விதைப்பண்ணையின் இரவுக் காவலர் வரைக்கும் அதில் இடம் உண்டு. அவர் காவல் காக்கும் விதைக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. அது பிறகு வரும், மிச்சம் இருந்தால்.

அதற்குப் பிறகு மதிப்பீடு. அகலமான தாளில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் முந்தின ஆண்டு உண்மையில் செலவான கணக்கு. இரண்டாவதில் நடப்பு ஆண்டுக்கு அவை ஒப்புதல் கொடுத்த தொகை. மூன்றாவதில் அதைத் திருத்திய மதிப்பீடு. நான்காவதில் வரும் ஆண்டுக்குக் கேட்பது. உண்மை என்று சொல்லத்தக்கது முதல் கட்டம் ஒன்றுதான், அதுவும் பழசு. அதையும் கணக்காயர் அலுவலகத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து வர வேண்டும். எங்கள் கணக்கில் விதைக்கு எழுதிய செலவு அவர்கள் கணக்கில் உரத்தில் ஏறியிருக்கும். இரண்டு பக்கத்துக் குமாஸ்தாக்களும் சேர்ந்து விதையை உரத்திலிருந்து பிரித்தெடுப்போம்.

தலைப்புகளுக்கு எண் உண்டு. 2401 என்றால் பயிர். 2402 மண்ணும் நீரும். 2415 ஆராய்ச்சியும் கல்வியும். 4401 கட்டடம், கிடங்கு முதலான மூலதனச் செலவு. 1987ல்தான் நாடு முழுவதும் மூன்று இலக்கம் நான்கு இலக்கமானது. அதற்கு முன் விவசாயத்துக்கு 305. எங்கள் சூப்பிரண்டு ஓய்வு பெறும் வரை விவசாயத்தை முந்நூற்றைந்து என்றுதான் சொல்லிவந்தார். தஞ்சாவூரில் வெள்ளம் என்று யாராவது சொன்னால், "அடடா, முந்நூற்றைந்துக்கு அடி" என்பார்.

கூட்டல் பெருக்கலுக்கு ஃபேசிட் இயந்திரம் ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கடகடவென்று சத்தம் வரும், பிறகு விடை வரும். அதைச் சுற்றக் கற்றுக்கொடுத்த அன்றே சூப்பிரண்டு மதிப்பீட்டுக் கலையையும் கற்றுக்கொடுத்துவிட்டார்.

"தம்பி, நமக்கு வேண்டியது எவ்வளவு?"

"எட்டு லட்சம் சார்."

"பத்துன்னு எழுது. மேல ரெண்டு வெட்டுவாங்க."

"எட்டுன்னே எழுதினா என்ன சார்?"

"ஆறு வரும். வெட்டினாத்தான் அவங்களுக்கும் வேலை பார்த்த மாதிரி இருக்கும். நாம கூட்டித்தான் எழுதுவோம்னு அவங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியும்னு நமக்கும் தெரியும். இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல."

மேலே நடக்கும் கூட்டத்துக்கு ஒரு தடவை அவரோடு கோப்பு தூக்கிக்கொண்டு போனேன். சம்பளம் ஒரு நொடியில் முடிந்தது. அதில் கைவைக்க முடியாது. மத்திய அரசுத் திட்டங்களுக்கு மாநிலம் போட வேண்டிய பங்கும் அப்படித்தான். போடாவிட்டால் அங்கிருந்து வருவதும் வராது. இரண்டும் போக மீந்ததுதான் விவாதத்துக்கு உரியது. அந்த மிச்சத்திலும் பெரிய தொகைகளை யாரும் தொடவில்லை. நேரமெல்லாம் ஒரு ஜீப்பின் டயருக்கே போனது. டயர் எப்போது மாற்றியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பழைய டயர் எங்கே, ஏலம் விட்டாயிற்றா. பயறு விதைக்குக் கேட்ட தொகை டயருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு பத்திரமாகத் தப்பித்தது. படிக்கட்டு இறங்கும்போது சூப்பிரண்டு சொன்னார்: "டயரை நான்தான் வேணும்னு சேர்த்தேன்."

அதற்குப் பிறகு எல்லாம் தங்கசாலை அரசு அச்சகத்துக்குப் போகும். மெய்ப்பு வரும், பார்ப்போம், உறை ஒட்டி அரக்கு வைத்துத் திரும்பும். கடைசியில் தடித்தடியான புத்தகங்களாக வரும். ரூபாய் ஆயிரங்களில் அச்சாகியிருக்கும். அதாவது கடைசி மூன்று பூஜ்யம் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரத்துக்குக் குறைந்த எதுவும் அந்தப் புத்தகத்தின் கண்ணில் படாது என்பது எனக்கு நாளாவட்டத்தில்தான் உறைத்தது.

இத்தனைக்கும் பிறகுதான் சட்டமன்றம் வருகிறது. பட்ஜெட்டைத் தீர்மானிப்பது சட்டமன்றம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தவன் நான். அரசியல் சட்டத்தைப் புரட்டினால் 202 முதல் 206 வரை உள்ள பிரிவுகளில் எல்லாம் விவரமாகவே இருக்கிறது. ஆண்டு நிதிநிலை அறிக்கையை அவையில் வைக்க வேண்டும். செலவு இரண்டு வகை. ஆளுநர் சம்பளம், சபாநாயகர் சம்பளம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், அரசு வாங்கிய கடனுக்கு வட்டி, இவை முதல் வகை. இவற்றைப் பற்றி அவை பேசலாம், வாக்கெடுக்க முடியாது. மற்றதெல்லாம் மானியக் கோரிக்கை. அவை வாக்களித்தால்தான் உண்டு. கடன்காரனுக்கு வட்டி யாருடைய குரலுக்கும் காத்திருக்காது, நெல் விதை காத்திருக்கும்.

அந்தக் கோரிக்கையையும் ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் வைக்க முடியாது. உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. தொகுதியில் தண்ணீர் இல்லை என்று தொண்டை கிழியப் பேசும் உறுப்பினர் ஒருவரால், அந்தத் துறையின் ஒதுக்கீட்டில் ஒரு ரூபாயைக்கூட ஏற்ற இயலாது. அவர் கையில் இருக்கும் கருவி வெட்டுத் தீர்மானம் ஒன்றே.

வெட்டில் மூன்று தினுசு. கொள்கையே பிடிக்கவில்லை என்றால், கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். சிக்கனம் வேண்டும் என்றால் இன்ன தொகையைக் குறை என்று கேட்கலாம். குறிப்பிட்ட ஒரு குறையைச் சொல்ல வேண்டும் என்றால் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நோட்டீஸ் தரலாம். எங்கள் துறைக்கு வந்து குவிவதெல்லாம் இந்த மூன்றாம் வகைதான். உரம் போதவில்லை, ஆகவே நூறு ரூபாய் குறைக்க. விதை நேரத்துக்கு வரவில்லை, ஆகவே நூறு ரூபாய் குறைக்க. பணம் காணாது என்று சொல்வதற்கு இருக்கிற பணத்தில் நூறைப் பிடுங்கச் சொல்லும் இந்த முறையை பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலிருந்து நாம் சிரத்தையாகக் காப்பாற்றி வருகிறோம். வந்த ஒவ்வொரு வெட்டுக்கும் நாங்கள் பதில் குறிப்பு தயாரிக்க வேண்டும். நூறு ரூபாயைக் காப்பாற்ற அலுவலகம் நள்ளிரவு வரை விளக்கெரிய உட்கார்ந்திருக்கும். ஸ்டென்சில், மை, ஆட்டோ, இட்லிப் பொட்டலம் எல்லாம் சேர்ந்து நூறைத் தாண்டிவிடும்.

வெட்டுத் தீர்மானம் ஒன்று தப்பித் தவறி நிறைவேறினால் அரசுக்கு அவையின் நம்பிக்கை போய்விட்டதாக அர்த்தம். அதனால் ஒன்றும் நிறைவேறாது. திரும்பப் பெறப்படும், அல்லது குரலில் தோற்கும்.

நான் முதன்முதலில் அதிகாரிகள் மாடத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தது 1989ல். அந்த ஆண்டு பட்ஜெட் நாளில் அவையில் நடந்த அமளி ஊருக்கே தெரியும். அன்று நான் அங்கே இல்லை. நான் போனது அமளியெல்லாம் அடங்கி மானியக் கோரிக்கைகள் நடந்தபோது. எனக்கு முன்னால் பெரிய அதிகாரிகள், அவர்கள் முன்னால் கோப்புகள். உறுப்பினர் ஒருவர் எழுந்தார். தமது கட்சித் தலைவரை வணங்கினார், தொகுதி மக்களை வணங்கினார், வாய்ப்புக்கு நன்றி சொன்னார். கொடுத்த நேரத்தில் பாதி வணக்கத்தில் கழிந்தது. பிறகு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் கேட்டார், தடுப்பணை கேட்டார், கிடங்கு கேட்டார், முடிக்கும் மணி அடித்த பிறகு வேளாண்மைக் கல்லூரியும் கேட்டார். மாடத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் கீழே இறங்கியபடி இருந்தன. அமைச்சர் பதில் சொன்னபோது என் கையெழுத்தில் இருந்த ஓர் எண் அவர் வாயால் அவைக் குறிப்பில் ஏறியது. அன்று எனக்கு உலகத்தைப் பிடித்த மாதிரி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு சபாநாயகர் கோரிக்கையை வாக்குக்கு விட்டார். இன்ன தொகைக்கு மிகாமல், வரும் மார்ச் 31ஆம் நாளோடு முடியும் ஆண்டின் செலவுக்காக வழங்கப்படுமாக. ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க. ஆம். ஆடியில் தொடங்கிய வேலை, ஃபேசிட் கைப்பிடி பத்துச் சுற்று சுற்றும் நேரத்துக்குள் நிறைவேறிவிட்டது. அடுத்த கோரிக்கைக்காரர்கள் கோப்புகளோடு வாசலில் நின்றார்கள்; நாங்கள் எழுந்து இடம் கொடுத்தோம்.

இதற்கு முந்தின ஆண்டு இன்னும் விசேஷம். 1988ல் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. சட்டமன்றமே இல்லாததால் எங்கள் மாநிலத்து பட்ஜெட் டெல்லிக்குப் போய் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மேலே எல்லாம் தலைகீழாக மாறியிருந்தது. எங்கள் பிரிவில் நான் கண்ட மாற்றம், வெட்டுத் தீர்மானங்களுக்குப் பதில் எழுத இட்லிப் பொட்டலம் வாங்க வேண்டியிருக்கவில்லை என்பது மட்டும்தான். நான்கு கட்டம், அதே தாள், அதே பத்துக்கு எட்டு.

வாக்கெடுப்போடு கதை முடியாது. எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தபின் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அது நிறைவேறினால்தான் கருவூலம் திறக்கும். ஆண்டு நடுவில் துணை மதிப்பீடு வரும். அதில் என்னை மிகவும் கவர்ந்தது அடையாளத் தொகை. ஒரு தலைப்பில் பணம் மிச்சம் இருக்கிறது, அதை எடுத்து வேறொரு புதுச் செலவுக்குப் போட வேண்டும் என்றால், புதுச் செலவு என்பதற்காக அவையின் சம்மதம் வேண்டும். அதற்காக ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். கோடிக்கணக்கில் ஆகும் திட்டம் ஆயிரம் ரூபாய் உருவத்தில் அவைக்குள் நுழைந்து, சம்மதம் வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் சொந்த உருவம் எடுக்கும். வாமனர் கதையை நம்பாதவர்கள் துணை மதிப்பீடுகளைப் படிக்கலாம்.

கடைசியில் மார்ச். செலவாகாத பணத்தை ஒப்படைக்கும் மாதம். ஒப்படைக்க மனம் வராமல் செலவழிக்கும் மாதமும் அதுவே. ஜூனில் வேண்டிய தெளிப்பான் மார்ச் 31 இரவு கருவூல வாசலில் பில்லாக நிற்கும். மீந்தது ஏன், மிஞ்சியது ஏன் என்று தணிக்கைத் துறை எழுதும். அதைப் பொதுக்கணக்குக் குழு விசாரிக்கும். அது வருவதற்குள் அந்த எண்ணை எழுதிய குமாஸ்தா சூப்பிரண்டாகியிருப்பான், சூப்பிரண்டு பேரன் எடுத்திருப்பார். சில நிமிஷத்தில் சம்மதித்த அவை சில வருஷம் கழித்துக் கேள்வி கேட்கும். கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் உண்டு. கோரிக்கைகளை வாக்கெடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள். நாடாளுமன்றத்தில் 1993ல் அந்த மாதிரி வந்தது. நம் சட்டமன்றத்தில் வாக்குக்கு முன் அப்படி ஒரு வடிகட்டி இல்லை. இருந்திருந்தால் டயர் தந்திரம் அங்கேயும் பலித்திருக்குமா என்று சில சமயம் யோசிப்பதுண்டு.

இது அந்தக் காலம்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பதில் ஐயமில்லை. 2021ல் காகிதமே இல்லாத பட்ஜெட் வந்தது. உறுப்பினர்களின் மேசையில் கணினித் திரை. புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை போயிற்று. துறையின் பெயரோடு உழவர் நலமும் சேர்ந்தது. பட்ஜெட்டுக்கு முன்னால் அமைச்சரும் அதிகாரிகளும் மாவட்டம் மாவட்டமாக விவசாயிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் விவசாயி பட்ஜெட் பிரிவுக்குள் வந்தால் அவர் வழி தவறி வந்தவர். எங்கள் வளாகத்தில் ஒருவர் கையில் பூச்சி அரித்த கத்தரிக்காயோடு வந்து நின்றார். அவரை மூன்றாம் மாடிக்கு அனுப்பினோம், அங்கிருந்து அவரை எங்களிடமே அனுப்பினார்கள்.

துண்டுச் சீட்டு போய் வாட்ஸ்அப் வந்தது. ஃபேசிட் போய் எக்செல் வந்தது. பழைய சகா ஒருவரின் மகள் இப்போது இதே மாதிரி ஒரு பிரிவில் இருக்கிறாள். "எட்டு வேணும்னா இன்னும் பத்துன்னுதான் எழுதறீங்களாம்மா?" என்று கேட்டேன். "பன்னிரண்டு அங்கிள்" என்றாள். "இப்பல்லாம் அவங்களும் எக்செல்லதானே வெட்டறாங்க."

தனி வேளாண் பட்ஜெட் நம்முடைய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். கர்நாடகத்தில் 2011ல் அப்போதைய முதலமைச்சர் எடியூரப்பா வாசித்துவிட்டார். ஆந்திரத்தில் 2013ல் வந்தது. நாம் தாமதமாக வந்தாலும் விடாமல் செய்தோம். 2022 மார்ச் 19ல் இரண்டாவது, 33,007 கோடி. முதல் ஆண்டை விடக் கொஞ்சம் இளைத்திருந்தது. 2023ல் 38,904 கோடி. 2024ல் 42,281 கோடி. 2025 மார்ச் 15ல் ஐந்தாவது, 45,661 கோடி. பொது பட்ஜெட்டுக்கு மறுநாள் வேளாண் பட்ஜெட் என்பது வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பொது பட்ஜெட் வைத்தால் சனிக்கிழமை வேளாண்மை. ஐந்தில் மூன்று அப்படிச் சனிக்கிழமையில் விழுந்தன. உழவனுக்கு ஞாயிறு சனி கிடையாது என்பதை அரசு ஊழியர்களும் உணர ஒரு வாய்ப்பு.

என் சந்தேகத்துக்கு வருகிறேன். எந்தக் கோரிக்கை? பதில் எளிது: பல கோரிக்கைகள். வேளாண் பட்ஜெட் என்று வாசிக்கப்படும் தொகைக்குத் தனி வாக்கெடுப்பு இல்லை. வேளாண்மைத் துறையின் மானியக் கோரிக்கை எண் 5, அது தன் வழக்கமான நாளில் தன் வழக்கமான குரலில் நிறைவேறும். கால்நடைக்கு வேறு எண், மீனுக்கு வேறு எண், பாசனத்துக்கும் கூட்டுறவுக்கும் எரிசக்திக்கும் வேறு வேறு. எல்லாத் துறைகளிலும் விவசாயிக்குப் போவதை ஒரு மாலையாகக் கட்டி அமைச்சர் வாசிக்கிறார். பூக்கள் ஏற்கெனவே வேறு தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டவை.

அதில் பெரிய பூ மின்சாரம். 1972ல் மின் கட்டணத்தை எதிர்த்து மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோயம்புத்தூரை மறித்தார்கள், விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்து விவசாயிகள். 1984ல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. 1990 வாக்கில் எல்லாருக்கும். அதற்கான மானியம் 2021-22 வேளாண் பட்ஜெட்டில் 4,500 கோடிக்கு மேல். 2025-26ல் 8,000 கோடியைத் தாண்டியது. விவசாயி கையில் இதில் ஒரு காசு வருவதில்லை. அரசின் ஒரு பையிலிருந்து எடுத்து மின்வாரியம் என்கிற இன்னொரு பையில் போடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்கு அரசு கட்டும் பிரீமியம் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போகிறது. விவசாயியின் பெயரில் எழுதிய செலவு பலருடைய விலாசத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதைக் கண்டுபிடிப்பது பழைய குமாஸ்தாவின் அற்ப சந்தோஷம்.

அற்பம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அந்த உரைகளைக் கடைசி வரை கேட்டவன் நான். 2021ல் பனைக்கு ஓர் இடம் வந்தது: 76 லட்சம் பனை விதை, ஒரு லட்சம் கன்று. நான் சுமந்த புத்தகங்களில் பனை என்ற சொல்லை எங்கள் பக்கங்களில் பார்த்ததாக நினைவில்லை. மரபு நெல்லைத் தேடித் திரட்டிய நெல் ஜெயராமன் பெயரில் ஓர் இயக்கம் வந்தது. ஜெயராமன் மாதிரி ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்திருந்தால் அவரையும் மூன்றாம் மாடிக்குத்தான் அனுப்பியிருப்போம். நாலு பத்தியில் அடங்கிய ஒரு துறையைப் பற்றி ஒரு நாள் முழுக்க அவை கேட்டுக்கொண்டிருக்கிறது என்றால், தொகை அதுவே ஆனாலும் அந்தக் கேட்பதற்கு மதிப்பு உண்டு. திருக்குறளில் உழவு அதிகாரத்தில் பத்தே குறள் இருக்கின்றனவே, ஆண்டுதோறும் எடுத்தாண்டால் எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் என் கவலை.

மாறாதது ஒன்று உண்டு. வெட்டுத் தீர்மானம் இன்றைக்கும் நூறு ரூபாய்தான். நான் மாடத்தில் உட்கார்ந்த 1989ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 185 ரூபாய். எதிர்க்கட்சி உறுப்பினர் வெட்டச் சொன்ன நூறு ரூபாய்க்கு ஐம்பது கிலோவுக்கு மேலேயே நெல் வரும். ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். 2024-25ல் ஆதரவு விலை 2,300. இன்றைக்கு அதே நூறுக்கு நாலு கிலோ சொச்சம். ஒரு மூட்டை எதிர்ப்பு ஒரு பைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் விலைவாசிப் படி கேட்கிற நாட்டில் எதிர்ப்புக்கு மட்டும் யாரும் பஞ்சப்படி கேட்கவில்லை.

2025 வேளாண் பட்ஜெட் வாசித்த அன்று மாலை என் சித்தப்பா மகன் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து போன் செய்தான். நாலு ஏக்கர், போர்வெல், இரண்டு மாடு. உரை முழுவதையும் யூடியூபில் கேட்டிருக்கிறான். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். மாலை, பூ, கோரிக்கை எண், மின்வாரியத்துக்குப் போகும் பணம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணே, கரண்டு காசு எனக்கு வரலங்கிறீங்க. ஆனா மோட்டார் ஓடுதுல்ல? எந்த நோட்டுல எழுதினா எனக்கென்ன?"

இதற்குப் பட்ஜெட் கையேட்டில் பதில் கிடையாது. பேச்சை மாற்றி, ஊருக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் போன் போட்டேன். ரோட்டுலதான் நெல்லைக் காயப்போடுறோம், உங்களுக்குத் தெரியும். ஒரு களம் கேட்டோம். ஆயிரம் உழவர் நல சேவை மையம்னு சொன்னாங்க, அது சொன்னாங்க, இது சொன்னாங்க. எங்க ஊரு களம் காதுல விழல. நீங்க அங்க இருந்தவருதானே, எங்கயாச்சும் உள்ள ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க."

"உரையில எல்லா ஊரு பேரும் வராதுடா. மானியக் கோரிக்கை அன்னிக்கு அமைச்சர் புது அறிவிப்பு சொல்லுவார். அதுல வரலாம்."

"அதுலயும் வரலன்னா?"

"துணை மதிப்பீடுன்னு நடுவுல ஒண்ணு வரும்."

"அதுலயும் வரலன்னா?"

"அடுத்த வருஷம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்ல, அதுல போய் எழுதிக் குடு."

"போன கூட்டத்துக்கே போனேண்ணே. எழுதிக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. நல்ல மரியாதை. டீயும் வடையும் குடுத்தாங்க. வடை சூடா இருந்துச்சு. அதெல்லாம் எந்தத் தலைப்புல வரும்?"

"இதர செலவினம்" என்றேன்.